அணியும் புகழும்: ‘செய்தி’ இதழில் எழுந்த வழக்கு

ஈழத்துத் தமிழ் இலக்கிய உலகம் பரப்பிற் சிறியது. எழுதுவோர், அச்சிடுவோர், மதிப்புரைப்போர், மறுப்போர் அனைவரும் ஒருவரையொருவர் நேரில் அறிந்தவர்கள். இத்தகைய சிற்றுலகில் ஒரு படைப்பாளியின் புகழ் அவனது நூலினின்று பிறக்கின்றதா, அன்றி அவன் சார்ந்த அணியினின்று பிறக்கின்றதா என்னும் வினா 1960களிற் கூர்மையடைந்தது. அவ்வினாவை விரிவாக எழுப்பியவர் மு. தளையசிங்கம். 1956 முதல் 1963 வரையிலான எழுத்துகளை ஆராய்ந்த அவரது ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’, கண்டியிலிருந்து வெளிவந்த ‘செய்தி’ வார இதழிலே தொடராக இடம்பெற்றது.

தளையசிங்கம் எதிர்த்த க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் அவரைப் போன்றே பேராதனையிற் பயின்றோர். ஆகவே இதனைப் பண்டிதருக்கும் புதியோருக்கும் இடையே நிகழ்ந்த மரபுப் போராட்டத்தோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. இது புதியோர் தமக்குள்ளே நிகழ்த்திய பூசல். கைலாசபதி ‘தினகரன்’ ஆசிரியராயிருந்தபோது ஈழத்து எழுத்துக்குக் களம் அமைத்தார் என்பதை அவர் பகைவரும் மறுத்திலர். ஆனால், களம் அமைத்தவரே தீர்ப்பும் வழங்குபவரானார். இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’ அப்பத்திரிகையில் தொடராக வந்த நாவல்; இன்று அதனைப் படிப்போரினும் அதன் பெயரைச் சொல்வோரே மிகுதி. மறுபுறம் மகாகவி போதிய கவனம் பெறவில்லை. அவர் 1971இல் மறைந்தார். 1984இல் எம். ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ நூலில் அவருக்குரிய இடம் கிடைத்தபோது, அதனைக் காண அவர் இல்லை.

தளையசிங்கத்தின் வன்மை, புகழப்பட்ட நூல்களைப் புகழுரையினின்று பிரித்துப் பார்க்கத் துணிந்ததில் உள்ளது. முற்போக்குக் கொள்கை வேறு, முற்போக்கு எழுத்தாளரின் கலைத்திறன் வேறு என்னும் எளிய உண்மையை அன்று உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது. எனினும் அவருடைய துலாக்கோலும் நேர்நின்றதெனக் கூறல் அரிது. ஓர் அணியைக் குறைத்து மதிப்பிட்ட அதே வேகத்தில் எஸ். பொன்னுத்துரையை மிக உயர்த்தினார். பொன்னுத்துரையோ ‘நற்போக்கு’ எனத் தமக்கென ஒரு கொடி ஏற்றினார். அணிச் சார்பை எதிர்த்தோர் மற்றோர் அணியாயினர். ‘சடங்கு’ போன்ற நாவலுக்குக் கொடி எதற்கு?

இப்பூசலின் பெரும் இழப்பு, அதில் பங்குகொள்ளாதோர் படிக்கப்படாமற் போனமையே. கண்டியில் அச்சான வழக்கில் கண்டிச் சீமையின் குரல் மெலிந்தே ஒலித்தது. தலாத்துஓயாவில் வாழ்ந்த கே. கணேஷ் 1946இல் ‘பாரதி’ இதழை நடத்தியவர். முல்க் ராஜ் ஆனந்தின் நாவலைத் ‘தீண்டாதான்’ எனத் தமிழாக்கியவர். முற்போக்கு இயக்கத்தின் முன்னோடியாகிய அவர், பின்வந்த விவாதங்களிற் பெரும்பாலும் ஒரு பெயராகவே எஞ்சினார். மலையகச் சிறுகதையாளர் என். எஸ். எம். இராமையா எந்த அணிக்கும் வாள் சுழற்றியவரல்லர். அவரது ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையில், கூடையின் நிறை குறித்து எழுந்த ஐயத்தைக் கொழுந்து பறிக்கும் பெண்ணே மீண்டும் பறித்துக் காட்டித் தீர்க்கிறாள். அக்கதை 1960களின் தொடக்கத்திலேயே வாசகரை அடைந்தது. அதன் பெயரைத் தாங்கிய தொகுதி வெளிவந்தது 1980இல்.