வரைபடத்தில் ஆழம், வாயிலில் மணல்

இலங்கையின் கிழக்குக் கரையில் ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. டென்மார்க்கின் கடனுதவியில் எழுந்த அதன் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோதே, தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் நகரும் மணலின் பாதை மறிபட்டது. வடக்கே கடல் தென்னந்தோட்டங்களைத் தின்றது. துறைமுக வாயிலிலோ மணல் குவிந்து படகுகளின் வழியை அடைத்தது. 2018இல் மணலை அகற்றச் சொல்லி மீனவர்கள் ஒருபுறம், அகற்றினால் எங்கள் கரை போய்விடும் என்று ஊரவர்கள் மறுபுறம் நின்றார்கள். அதிகாரபூர்வக் கடல் வரைபடங்களைத் திறந்த இணைய வரைபடங்கள் வழியாக எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை நான் இந்த வாயிலில் நின்றுதான் எடைபோட விரும்புகிறேன்.

கோரிக்கை நியாயமானது. கடலின் அடியை அளப்பது அரசின் கப்பல்; அந்தக் கப்பலுக்கு எண்ணெய் ஊற்றுவது மக்களின் வரிப்பணம். அளந்து வந்த ஆழத்தை அதே மக்களுக்கு விலைக்கு விற்பது முறையல்ல. அமெரிக்காவின் நோவா நிறுவனம் தன் மின்னணுக் கடல் வரைபடங்களை எவரும் காசின்றி இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. நியூசிலாந்தும் தன் கடல் வரைபடங்களை இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. ஓபன்சிபிஎன் என்ற கட்டற்ற மென்பொருள் இத்தகைய வரைபடங்களைச் சாதாரண மடிக்கணினியில் விரித்துக் காட்டும். ஆனால் உலகக் கடல் முழுவதற்கும் வரைபடம் வெளியிடும் பிரித்தானிய அட்மிரல்டியின் தாள்கள் இன்றும் விலைக்குரியவை, உரிமை காக்கப்பட்டவை.

இந்த விலை யாரை வெளியே நிறுத்துகிறது? 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே, ஏறத்தாழ 38 கடல் மைல் தொலைவில், நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. சுமார் 270,000 தொன் மசகு எண்ணெயோடு குவைத்திலிருந்து பாரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. அப்படிப்பட்ட கப்பல் முறையான வரைபடம் வைத்திருந்தே ஆக வேண்டும் என்பது சர்வதேச விதி. அதே கடலில் மீன்பிடிக்கும் கல்முனை, சாய்ந்தமருதுப் படகுகளுக்கு அந்த விதி எட்டுவதில்லை. வரைபடமும் எட்டுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடை போட்ட காலத்தில் பலநாள் படகுகளில் கண்காணிப்புக் கருவி பூட்டினார்கள். படகு எங்கே நிற்கிறது என்பதை அது கொழும்புக்குச் சொல்லும். படகின் அடியில் எவ்வளவு தண்ணீர் என்பதைப் படகோட்டிக்குச் சொல்லாது. தகவல் ஒரே திசையில் ஓடும் இந்த வழக்கத்தை இலவச வரைபடம் உடைக்கும் என்பதாலேயே அதை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் இலவசமாகக் கையில் வருவது எது? 1:300,000 அளவில் வரைந்த தாளில் 1 சென்ரிமீற்றர் என்பது கடலில் 3 கிலோமீற்றர். வயல் அளவான ஒரு பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, அதில் ஊசிமுனை. காகிதம் தன் அளவை ஓரத்தில் எழுதிவைத்திருக்கும், அதற்குமேல் விரியாது. போனிலோ இரு விரலால் விரிக்க விரிக்கக் கடல் பெரிதாகும். அதில் அளவு எண்கள் கூடுவதில்லை, கூடிய மாதிரித் தோன்றும். முறையான மின்னணு வரைபடத்தில் ஒவ்வொரு பரப்புக்கும் அளவையின் நம்பகத்தரம் ஏ1 முதல் டி வரை குறிக்கப்பட்டிருக்கும். தரம் பார்க்கப்படாததற்கு யூ என்று குறி. திறந்த வரைபடச் செயலி அழகுக்காக அந்த அடையாளத்தை மறைத்துவிட்டால், பழைய ஈயக்குண்டு அளவும் புதிய ஒலியலை அளவும் ஒரே நீல நிறமாகிவிடும். 2009இல் தொடங்கிய ஓபன்சீமாப் போன்ற தன்னார்வ முயற்சிகளை நான் மதிக்கிறேன். ஆயினும் அரசு பொறுப்பேற்ற ஆழமும் ஆர்வலர் பதிந்த ஆழமும் ஒரே திரையில் கலந்து நிற்கும்போது, எது எது என்று பார்த்த உடனே தெரிய வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை காலம். ஒலுவில் வாயில் ஒரு மாரியில் மாறும். ஒரு தடவை இறக்கிவைத்த வரைபடம் அங்கே பழைய செய்தித்தாள். நோவாவின் இலவசத்தில் நான் மதிப்பது வரைபடக் கோப்பு அல்ல, அதன் பின்னால் ஓயாமல் வரும் திருத்தங்கள். திருத்தமில்லாமல் படம் மட்டும் இலவசம் என்றால் ஆபத்தை இலவசமாகக் கொடுப்பதாகவே முடியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். எங்கள் கடலோடிகள் பள்ளி மினாராவையும் தென்னையையும் ஒரே நேரில் வைத்து இடம் பிடித்தவர்கள். அந்தத் தென்னைகளில் எத்தனையோ 2004 சுனாமியோடு போயின. இப்போது இடம் ஜிபிஎஸ் கருவியில் பொயின்டாக இருக்கிறது. மீன் கூடும் பாரின் பொயின்ட் ஒரு குடும்பத்தின் சொத்து. திறந்த வரைபடம் என்ற பெயரில் அதைக் கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள், தரவும் தேவையில்லை. படகு செல்லும் வழியில் கருவி அளக்கும் ஆழத்தைத் திரட்டும் திட்டத்தைச் சர்வதேச நீரளவியல் அமைப்பு ஏற்கெனவே ஊக்குவிக்கிறது. அதற்கு வழியில் அளந்த ஆழமும் அளந்த இடமும் நேரமும் போதும். வலை போட்ட இடத்தை மீனவர்கள் சொல்ல வேண்டியதில்லை என்ற உறுதியை எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் உதவி கேட்க வேண்டும்.

கடலடித் தரவை நாட்டின் இரகசியமாகக் கருதுவோரும் உண்டு. வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை 2024இல் ஓராண்டுத் தடை விதித்தபோது, அந்தத் தரவு பிறர் கைக்குப் போகும் என்ற அச்சமும் பேசப்பட்டது. ஆழ்கடலுக்கு அது பொருந்தலாம். ஒலுவில் வாயிலின் மணல்மேட்டில் என்ன இரகசியம் இருக்கிறது? மாரி முடிந்ததும் அந்த வாயிலை அளந்து, அளந்த திகதியைப் பெரிய எழுத்தில் போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் போனுக்கு அனுப்பட்டும். அடுத்த மாரிக்குப் பின் திரும்பவும் அளக்கட்டும். இலங்கைக் கடல் முழுவதையும் திறப்பதற்கு முன் அந்தச் சில நூறு மீற்றரைத் திறக்கச் சொல்வேன்.