அடிக்காமல் விட்ட பந்துகள்

பேஸ்பாலில் நான்கு பந்துகள் அடிக்கத்தக்க எல்லைக்கு ('ஸ்ட்ரைக் ஸோன்') வெளியே போய், மட்டைக்காரர் அவற்றைச் சீண்டாமல் விட்டால், முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். அதுதான் 'வாக்'. சிக்ஸருக்குப் பழகிய கண்ணுக்கு இது சப்பென்றுதான் இருக்கும். ஆனால் மணிக்கு 90 மைல் வேகப் பந்து அரை நொடிக்குள் வந்துவிடுகிறது. பாதி வழியிலேயே 'வேண்டாம்' என்று முடிவெடுத்தாக வேண்டும்.

வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியின் எட்டி யோஸ்ட் இதில் மன்னன். பட்டப்பெயரே 'வாக்கிங் மேன்'. மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட்; இரண்டு விழுந்த பிறகும் பதற மாட்டார். விட முடியாத பந்தை லேசாகத் தட்டி, ஆடுகளக் கோட்டுக்கு வெளியே போகும் 'ஃபவுல்' ஆக்குவார்; அது மூன்றாவது ஸ்ட்ரைக் ஆகாது. பந்தெறியும் பிட்சர் மறுபடி எறிய வேண்டும், மறுபடியும். 1956இல் அவர் அடித்துப் பெற்ற ஹிட்டுகள் 119, நடந்து போனது 151 முறை!

2004இல் அதிரடி மட்டைக்காரர் பாரி பாண்ட்ஸ் 232 வாக் பெற்றார். அதில் 120, அவர் அடிக்கே பயந்து எதிரணி வேண்டுமென்றே கொடுத்தது. யோஸ்ட் அப்படி மிரட்டுகிற ஆள் இல்லை. அவருடையது முழுக்கக் கண்ணும் பிடிவாதமும். அமெரிக்கன் லீகில் வாக் எண்ணிக்கையில் ஆறு முறை முதலிடம். கடைசியாக 1960இல், அணி மாறி டெட்ராய்ட் டைகர்ஸுக்காக ஆடியபோது.