படிப்பு ஒரு பிரிவுக்கு, வேலை எல்லாப் பிரிவுக்கும்

சிறப்புக் கல்வியில் பி.எட். சேருகிறவர் முதலிலேயே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு போல ஏதாவது ஒன்று. முடித்ததும் 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு. சிறப்புப் பள்ளிக்கு இது பொருந்தும். அங்கே பெரும்பாலும் ஒரே வகைப் பிள்ளைகள்தான்.

தமிழ்நாட்டில் வட்டார வள மையத்துக்கு வேலைக்கு வந்தால் கதையே வேற. செவித்திறன் பிரிவில் படித்தவரிடம் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையும் வரும், பிரெய்ல் கற்க வேண்டிய பிள்ளையும் வரும். பிற குறைபாடுகள் பற்றிப் பொதுப்பாடத்தில் கொஞ்சம் படித்திருப்பார்தான். ஆனா பிரெய்ல் விரலில் வரணும், தேர்வுத்தாளில் வந்தால் போதாது.

1995 சட்டம் 7 வகைக் குறைபாடுகளைச் சொன்னது. 2016 சட்டம் 21 என்கிறது. அதற்காக 21 பட்டப்படிப்பு தொடங்க முடியுமா? தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2022-இல் மத்திய அரசு அறிவித்தது. அந்தப் பத்துப் பேரும் ஒரே வகையா இருப்பாங்களா?

பிரிவுப் படிப்பு இருக்கட்டும். அதோடு, மற்ற குறைபாடுகளுக்கு வள மையத்திலேயே சில மாதக் களப்பயிற்சியைக் கட்டாயமாக்கணும். இல்லைன்னா பார்வையில்லாத பிள்ளை வாசிக்கத் தெரியாமலே அடுத்த வகுப்புக்குப் போகும்.