பனமலை ஓவியமும் ஏஐ பட்டிமன்றமும்

ஒரு கேள்வியைக் கொடுத்து, ஏஐயை ஒட்டியும் வெட்டியும் பேசவிட்டுப் பார்ப்பது இப்போது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. நம்ம ஊர் பட்டிமன்றமேதான். சாலமன் பாப்பையா நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். ரசிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் தீர்ப்பை நம்பலாமா?

நம்பலாம் என்பவர்களுக்கு ஒரு காரணம் உண்டு. 2018-ல் ஜெஃப்ரி இர்விங், பால் கிறிஸ்டியானோ, டாரியோ அமோடே மூவரும் இந்த யோசனையைக் கட்டுரையாக எழுதினார்கள். பொய்யைக் கட்டிக் காப்பாற்றுவதைவிட அதை உடைப்பது சுலபம். எனவே இரண்டு இயந்திரங்கள் மோதினால், அவற்றைவிட விவரம் குறைந்த நடுவரும் உண்மையை அடையாளம் காணலாம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. 2024-ல் வந்த ஓர் ஆய்வில் இது ஓரளவு பலித்தது. விவாதத்தைப் படித்த மனித நடுவர்கள் 88 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். விவாதம் இல்லாதபோது 60 சதவீதம்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அந்த ஆய்வில் வாதாடிய இரண்டு மாடல்களின் கையிலும் ஒரே கதையின் முழுப் பிரதி இருந்தது. நடுவரிடம் அது இல்லை. ஆனால் வாதிகள் காட்டிய மேற்கோள் நிஜமாகவே கதையில் இருக்கிறதா என்று சரிபார்த்து அவருக்குக் காட்டினார்கள். அந்தப் பிரதியும் அந்தச் சரிபார்ப்பும் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

பனமலையை வைத்துப் பார்த்தேன். விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிக்கரைக் குன்றின்மேல், ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். வயது ஏறக்குறைய 1300. அதன் துணைச் சன்னதி ஒன்றில், குடைக்குக் கீழே ஒரு காலை மடித்து நிற்கும் பார்வதி ஓவியம் எஞ்சியிருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும் சிவனின் ஆட்டம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. அழிந்த இடத்தை மறுபடி வரைந்து நிரப்பலாமா, கூடாதா? இதுதான் தலைப்பு.

இரண்டு பக்கமும் சரளமாகப் பேசின. 'பக்தர்களின் உரிமை' என்றது ஒன்று, 'வரலாற்றின் நேர்மை' என்றது மற்றது. நடுவில், நிரப்பலாம் என்ற பக்கம் ஓவியம் கருவறைச் சுவரில் இருப்பதாகச் சொன்னது. எதிர்ப்பக்கம் மறுக்கவே இல்லை. 'கருவறை என்பதால்தான் கை வைக்கக் கூடாது' என்று அதையே ஆதாரமாக்கிக்கொண்டது! பேசியது ஒரே மாடல். அதற்குத் தெரியாதது இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. எத்தனை சுற்று மோதவிட்டாலும் அந்தத் தவறு வெளியே வராது.

ஒரே கை இரண்டு பக்கத்தையும் எழுதுவது தமிழுக்குப் புதுசு இல்லை. நீலகேசியில் சமண நாயகி பௌத்தக் குண்டலகேசியை வாதில் வெல்கிறாள். தோற்றவளின் பேச்சையும் எழுதியவர் சமணரே. குண்டலகேசி காப்பியமோ முழுசாகக் கிடைக்கவில்லை. இன்று கையில் இருப்பவை பிறர் மேற்கோள் காட்டியதால் தப்பிய சில பாடல்கள். அந்தப் பாடல்கள் அளவுக்குத்தான் எதிர்த்தரப்பின் சொந்தக் குரல் நமக்குக் கேட்கிறது. மற்றதெல்லாம் ஜெயித்தவர் சொல்லக் கேட்பதுதான்.

பனமலை விஷயத்தில் முடிவு சொற்களில் இல்லை. சுவரில் எவ்வளவு சாந்து மிச்சம், எவ்வளவு நிறம் மிச்சம், பழைய படங்களும் பிரதிகளும் எதைக் காட்டுகின்றன என்பதில் இருக்கிறது. பல்லவர் கால ஓவியம் நமக்கு மிச்சமிருப்பதே மிகக் கொஞ்சம். அழகாகப் பேசிய பக்கத்தை நம்பி ஒரு தடவை தூரிகை வைத்துவிட்டால் பிறகு திரும்ப எடுக்க முடியாது.

அதற்காக இந்த முறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆவணத்தை நீங்களே கொடுங்கள். ஒவ்வொரு வாதத்துக்கும் அதிலிருந்து வரி கேளுங்கள், அந்த வரியை நீங்களே தேடிப் பாருங்கள். முடிந்தால் எதிர்ப்பக்கத்துக்கு வேறு நிறுவனத்தின் மாடலை வையுங்கள். முக்கியமாக, இரண்டு பக்கமும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட விவரங்களைத் தனியாக எழுதிவையுங்கள். முதலில் சரிபார்க்க வேண்டியவை அவைதான்.