மொறப்பாக்கம் கோபாலனும் 1936-ஆம் வருஷத்துத் தேர்வும்

எம்.ஜே. கோபாலனுடைய சர்வதேச கிரிக்கெட் வாழ்க்கை புள்ளிவிவரப் புத்தகத்தில் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது: 1 டெஸ்ட், 18 ஓட்டங்கள், 1 விக்கெட். அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு, யாரோ அதிர்ஷ்டவசமாக ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போனவர் என்று நாம் தீர்மானித்துவிட்டால், ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும், ஹாக்கியில் தியான் சந்தோடு நியூசிலாந்து வரை சென்று ஆடியவரும், 2003 டிசம்பரில் காலமானபோது உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் உலகத்திலேயே மூத்தவராக விளங்கியவருமான ஒருவருக்குப் பெரிய அநியாயம் செய்தவர்களாவோம். அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் மொறப்பாக்கம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர்; என் ஊரான உத்திரமேரூரும் அதே ஜில்லாவில் இருந்ததுதான். ஆகையால் எங்கள் சீமை மனிதர் என்று அவரைச் சொல்லிக்கொள்ளும் பாத்தியதையை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கிராமத்துக் குடும்பத்தில் பிறந்து திருவல்லிக்கேணித் தெருக்களில் வளர்ந்த அந்த இளைஞரிடம் இருந்த வேகத்தைக் கண்டுகொண்டவர், அக்காலத்துச் சென்னைக் கிரிக்கெட்டில் பெரும் செல்வாக்குடைய ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல் கம்பெனியில் கோபாலனுக்கு உத்தியோகம் கிடைத்ததும் அவர் மூலமாகத்தான். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ரஞ்சிப் போட்டியில், மைசூரின் கர்ட்டிஸுக்கு முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது; சென்னை எடுத்த 130 ஓட்டங்களே ஒரு இன்னிங்ஸ் 23 ஓட்டங்கள் வித்தியாசத்தில் ஜெயிக்கப் போதுமாயிருந்தது. மூன்று நாள் ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. அன்றைய கீர்த்தியெல்லாம் 11 விக்கெட்டுகளை வீழ்த்திய ஏ.ஜி. ராம்சிங்குக்கே போயிற்று, அது நியாயமும்கூட.

அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே, ஜார்டினுடைய இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் நடந்த டெஸ்டில் கோபாலன் ஆடியிருந்தார். ஆட்டமிழக்காமல் 11, பிறகு 7, ஒரு விக்கெட். அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில் சேப்பாக்கத்தில்; சென்னை நகரம் முதன்முதலாகக் கண்ட டெஸ்ட் அதுதான். திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அந்த மைதானத்தில், தன் ஊர் ஜனங்கள் முன்னிலையில் ஆடும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை. ஒரு ஆட்டத்தைக் கொண்டு ஒருவரை எடைபோட்டு அனுப்பிவிடும் வழக்கம் இந்தியத் தேர்வாளர்களுக்கு அன்றே இருந்தது.

இனி 1936-க்கு வருவோம். முந்திய வருஷம் ஹாக்கி அணியோடு நியூசிலாந்து சென்று திரும்பிய கோபாலனுக்கு, ஒரே கோடைகாலத்தில் இரண்டு கதவுகள் திறந்தன: ஒன்று பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, மற்றொன்று இங்கிலாந்துக் கிரிக்கெட் பிரயாணம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்துகொண்டார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெர்லினிலோ ஆகஸ்டு 15 அன்று இந்தியா ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்துத் தங்கம் வென்றது. இதைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும், கோபாலன் தவறாகத் தேர்ந்தெடுத்தார் என்று உச்சுக்கொட்டி முடிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த அபிப்பிராயத்தில் சம்மதமில்லை.

வேகமாக வீசவும் துணிந்து அடிக்கவும் தெரிந்த ஒரு ஆல்ரவுண்டருக்கு, பந்து காற்றில் வளையும் இங்கிலாந்து மைதானங்களைவிடப் பொருத்தமான களம் வேறு ஏது? வேகப்பந்து வீச்சாளர்களான நிஸாரும் அமர் சிங்கும் முன்னால் நின்றார்கள், உண்மைதான். அவர்களுடைய ஸ்தானத்தை எவரும் கேட்க முடியாது. ஆனால் முதல் டெஸ்டுக்கு முன்பே, மிதவேகம் வீசிக்கொண்டு மட்டையாலும் உதவக்கூடிய லாலா அமர்நாத், ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரால் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார். அந்தக் காலியிடத்துக்கு ஏற்ற ஆள் அணியிலேயே இருந்தும் பயனில்லை. பெர்லினில் இறுதியாட்டம் நடந்த அதே ஆகஸ்டு 15 அன்று ஓவலில் தொடங்கிய மூன்றாவது டெஸ்டில் புதிதாக இடம்பெற்ற மிதவேகக்காரர் பாகா ஜிலானி. ஒரு விக்கெட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. காலைச் சிற்றுண்டி மேஜையில், அணித்தலைவருக்கு ஆகாத மூத்த ஆட்டக்காரர் சி.கே. நாயுடுவை அவமதித்ததற்குச் சன்மானமாகவே அவருக்கு அந்த இடம் தரப்பட்டது என்ற கதை இன்றளவும் வழங்குகிறது. கதை பொய்யாகவே இருந்தாலும், அதை நம்பும்படியான நிலைமை அந்த அணியில் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. தலைவராக வந்த விஜயநகரம் மகாராஜகுமார் மூன்று டெஸ்டுகளில் எடுத்தது 33 ஓட்டங்கள். அவர் இடத்தை மட்டும் யாரும் அசைக்கவில்லை.

ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் ஒரு பழைய பாடம் உண்டு: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஊர் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் எடுத்ததைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைச் சாசனம் அங்கே இருக்கிறது. வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட வேண்டியவனுக்கு என்ன வயது, எவ்வளவு நிலம் வேண்டும் என்பதோடு, முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் கூடாது என்றும் அது விதிக்கிறது. கணக்குக் கேட்கும் அந்தப் பழக்கம் கிரிக்கெட் நிர்வாகத்தை எட்டியிருந்தால், 1936-ஆம் வருஷத்துத் தேர்வாளர்களில் எத்தனை பேர் அடுத்த வருஷம் குடத்துக்கு அருகே வந்திருப்பார்களோ!

கோபாலன் மனம் கசந்து ஒதுங்கிவிடவில்லை. முதல்தர ஆட்டங்களில் 200-ஐ நெருங்கும் விக்கெட்டுகளும் 3,000-ஐ நெருங்கும் ஓட்டங்களும் சேர்த்தார்; பின்னாளில் தாமே இந்திய அணித் தேர்வாளராகவும் அமர்ந்தார். அவருடைய ஆட்ட வாழ்வின் வெள்ளிவிழாவை ஒட்டித் தோன்றிய கோபாலன் கோப்பைக்காக, 1953 முதல் சென்னையும் இலங்கையும் மோதின. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து வந்தது 1981-இல். அதற்கு முந்திய நீண்ட காலத்தில் அந்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு அது ஒரு நல்ல பயிற்சிக்களமாக உதவிற்று.

கோடையில் உத்திரமேரூர் ஏரி வற்றியதும், உள்வாயில் மூன்று குச்சிகளை நட்டுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். வெடித்த வண்டல் விளிம்பில் பட்ட ரப்பர் பந்து எந்தப் பக்கம் தாவும் என்று தெரியாததால், கெட்டிக்காரப் பையன் மட்டையைக் கடைசி நொடி வரை இறக்குவதில்லை. அப்படி ஆடும் ஒருவனை நிறுத்தி, அஷ்வினைத் தெரியுமா என்று கேட்டால் அவருடைய பந்துவீச்சு நடையையே செய்து காட்டுகிறான். கோபாலனைத் தெரியுமா என்றால் விழிக்கிறான். குற்றம் அவனுடையதல்ல. செங்கற்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் கிராம அணிகளுக்காகப் போட்டி நடத்துகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு கோப்பைக்காவது மொறப்பாக்கம் கோபாலன் பெயரை வைக்க வேண்டும். அதற்குச் செலவு ஒன்றும் அதிகமில்லை.