கம்பி பழகும் விரல்கள்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தை அடுத்த கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலைக் கல்லூரி இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளில் பல் சீரமைப்புப் பாடம் கம்பியில்தான் தொடங்கும். சுருளிலிருந்து வெட்டிய எஃகுக் கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி, உருவி உருவி நேராக்குவதே அரிச்சுவடி. மேசையில் வைத்தால் நுனி எழும்பாமல் படிய வேண்டும். பிறகு சதுரம், முக்கோணம், வட்டம். குறடு இறுக்கிப் பிடித்திருக்க, வளைக்கிற வேலை கட்டைவிரலுக்கு.

எனக்குப் பிடித்தது ஆடம்ஸ் கிளாஸ்ப். கழற்றி மாட்டும் பிளேட் நழுவாமல் இருக்கக் கடைவாய்ப் பல்லைக் கவ்விக்கொள்ளும் கொக்கி அது. 0.7 மி.மீ. கம்பியில் இரண்டு அம்புமுனைகள், நடுவே நேரான பாலம். முனைகள் பல்லின் இரு பக்கமும் ஈறோரச் சரிவில் அமர வேண்டும்; பாலம் பல்லில் உரசக் கூடாது. ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் எஃகு விறைத்து ஒடிந்துபோகும். அதனால் ஒவ்வொரு மடிப்புக்கும் முன்பு பல்வரிசையின் ஜிப்சம் மாதிரியில் வைத்துப் பார்த்து, குறித்துக்கொண்டு, நிதானமாக மடிக்க வேண்டும். ஒழுங்காக வந்த கொக்கி ‘டக்’கென்று உட்காரும். குறட்டுத் தழும்பில்லாமல் அது மின்னினால், அந்தக் கையை நம்பி நம் வாயைத் திறக்கலாம்.