நிபந்தனை யாருக்கு? ‘கருக்கு’வில் வரும் சாமி

பாமாவின் ‘கருக்கு’வை 1992இல் வந்த நாளிலிருந்து ரெண்டு விதமாகத்தான் படித்து வருகிறார்கள். இலக்கியக்காரர்கள், தமிழின் முதல் தலித் தன்வரலாறு என்று பட்டம் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள். சபைக்காரர்களோ, மடத்தை விட்டு வந்தவள் சாமியையும் விட்டுவிட்டாள் என்று புத்தகத்தை மூடிவிட்டார்கள். எனக்கு ரெண்டும் சம்மதமில்லை. விசுவாசத்துக்குள்ளே இருக்கிற ஒரு தலித் பொம்பளையாகச் சொல்கிறேன்: கடவுளின் அன்பைப் பற்றித் தமிழில் இவ்வளவு கறாராகப் பேசிய புத்தகம் வேறொன்றை நான் படித்ததில்லை.

நிபந்தனையற்ற அன்பு என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். நீ எப்படி இருந்தாலும் ஆண்டவர் உன்னை நேசிக்கிறார். நல்ல வார்த்தைதான். எங்க சனங்க அதுக்காகத்தானே வேதத்துக்கு வந்தாங்க! தொட்டா தீட்டுன்னு சொல்ற ஊருக்குள்ள, குஷ்டரோகியக் கையால தொட்ட சாமி ஒருத்தர் இருக்காருன்னா யாருக்குத்தான் மனசு எளகாது? மதம் மாறியதைக் கோதுமைக்கும் பால்பவுடருக்கும் விலைபோனதாக எழுதுகிறவர்களுக்கு இந்த எளக்கம் பிடிபடாது. (பசிச்சவன் சோறு கேட்டதில் என்ன கேவலம் என்பது தனி விஷயம்.)

ஆனால் ‘கருக்கு’வின் சிறுமிக்கு முதலில் வந்து சேர்வது பயம். பாவம், பிசாசு, தண்டனை, பிரம்பு. வளர்ந்த பிறகு, தன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்கிறாள். அங்கே நடப்பது வசதிக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். எங்காளுங்க கையில் அங்கே விளக்கமாறுதான். தலித் பெண்களைச் சேர்க்காத சபைகள் உண்டு என்ற பேச்சும் பயிற்சிக் காலத்திலேயே காதில் விழுகிறது. கீழ்ப்படி, பொறுத்துக்கொள், தாழ்மையாயிரு என்பதே அவளுக்குப் போதிக்கப்பட்ட ஆன்மீகம். எழுதிக்காட்டாத நிபந்தனை இதுதான். தலைமுறை தலைமுறையாக முதுகு ஒடியக் குனிந்த குடும்பத்துப் பெண்ணிடம் இன்னும் குனி என்றால் அது என்ன வகை நற்செய்தி?

பாமா இதை வாதமாக வைப்பதைவிட மொழியில் செய்துகாட்டுகிறார். சர்ச்சுத் தமிழ் மேட்டுத் தமிழ். ‘தேவரீர்’, ‘கிருபை’, ‘அனுக்கிரகம்’ என்று பீடத்தின்மேல் நின்றுதான் பேசும். இவரோ பூசையையும் பாவசங்கீர்த்தனத்தையும் வார்த்தைப்பாட்டையும், விறகு பொறுக்கப் போனதைச் சொல்கிற அதே வாயால் சொல்கிறார். அந்தப் பேச்சு பட்ட உடனே பீடம் இறங்கிவிடுகிறது. சாமியும் தெருவில் வந்து நிற்கிறார். முன்னுரையில், பனங்கருக்கின் ரெண்டு பக்கக் கூர்மையை எபிரேயர் நிருபத்து வாளோடு அவர் சேர்ப்பதைப் பாருங்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த வசனத்திலேயே ‘கருக்கு’ என்ற சொல் கிடக்கிறது. வேதத்தைத் தூக்கியெறிந்துவிட்டு வந்தவள் தன் ஆயுதத்தை அதற்குள்ளிருந்தே ஏன் எடுக்கிறாள்? மடத்தின் பேரில் உள்ள கோபம் சாமியின் பேரில் திரும்பவே இல்லை. சாமிக்கு மடத்துக்காரர்கள் வைத்த வேலியைத்தான் அவர் வெட்டுகிறார்.

குறையும் சொல்லணும். அநியாயத்தைப் பொறுக்காத கடவுளைப் பற்றி மடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை என்கிறார். சரி, அந்தக் கடவுளின் பிரியத்தை அவர் எங்கே ருசி பார்த்தார்? அந்த இடத்தில் பிரதி பொதுப்பேச்சுக்குப் போய்விடுகிறது. மடத்து வசதிகளை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய கை, இங்கே ‘நீதி’, ‘ஏழைகள்’ என்ற பெரிய வார்த்தைகளோடு நின்றுவிடுகிறது.

அந்த இடைவெளியில் எனக்குப் பரட்டை ஞாபகம் வருகிறார். மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, 2005இல் காலமானார். கிராமிய மெட்டில் பாட்டுக் கட்டியவர். கடவுளை அவர் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார். ஆணென்றும் சொல்லலாம், பெண்ணென்றும் சொல்லலாம். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் தின்பது அவருடைய இறையியல். தனித்தட்டு, தனிக்குவளை வைக்கிற ஊரில் அன்பை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் கிடையாது. எங்க அம்மாச்சி செபமாலையை உருட்டிக்கிட்டே மாதாவோட சண்டை போடுவா. “ஏம்மா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?”ன்னு கேப்பா. பெத்தவள்னு நெனச்சாத்தானே அப்படிக் கேக்க வாய் வரும்! மடம் பாமாவுக்குத் தராதது இந்த உரிமையைத்தான்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ‘கருக்கு’ வந்து 24 வருசம் கழித்து! இனி குருமடங்களில் அந்தக் கொள்கையோடு ‘கருக்கு’வையும் பாடமாக வைக்கலாம். சமூகப் பிரச்சினை வகுப்பில் வேண்டாம், இறையன்பு வகுப்பில் வைக்கட்டும்.